இணை ஓட்டத்தில் யார் முதலில் சொல்வது

எழுதிப் பழகாத கை எழுதும் முதல் கதை இது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். மலைப்பாதையில் நெடுந்தொலைவு ஓடுவதைப் பற்றி எழுத, ஓடிப் பார்த்தவர்களே தகுதி உடையவர்கள். பேருந்தைப் பிடிப்பதற்குக்கூட ஓடியறியாத ஒருவர் இதில் தலையிடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆயினும் சம்பந்தப்பட்ட இருவருமே, "எங்களால சிரிக்காம எழுத முடியாது, நீங்களே எழுதிடுங்க" என்று சொல்லிவிட்டபடியால் மறுக்க இயலவில்லை. பிழைகள் இருப்பின் எழுதியவரைச் சேரும். ஓட்டம் அவர்களைச் சேரும்.

இருவரில் மூத்தவரை அண்ணி என்றே இங்கே குறிப்பிடலாம். அவரை வீட்டிலும் அப்படித்தான் அழைக்கிறார்கள். நாளடைவில் தெருவிலும் அதுவே நிலைத்துவிட்டது. அண்ணி பல் செய்பவர். மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, தாடையை வார்த்து, அதன்மேல் புதுப் பல்லைப் பொருத்தி, வாயில் போட்டால் போட்டதே தெரியாத அளவுக்குத் தேய்த்துக் கொடுப்பது அவருடைய வேலை. சன்னலோரத்தில் அவருடைய மேசை. அதன்மேல் யார் யாருடையவோ தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக அமர்ந்திருக்கும். மாலையில் வீடு திரும்பும்போது அண்ணியின் புருவத்தில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும்.

இளையவர் அண்ணியின் நாத்தனார், கணவரின் தங்கை. உயர்ந்த கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். இடுப்பில் திருப்புளிகள் குலுங்க, வெறுங்காலில் நடந்தால் மட்டும் ஒரு பக்கம் இலேசாகச் சாய்ந்து நடப்பவர். சிறு வயதில் மரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்ததில் ஏற்பட்ட குறை அது. ஷூ போட்டுவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. அண்ணன் வீட்டுக்கு அடுத்த தளத்தில் தனியே குடியிருந்தார். சாப்பாடும் சண்டையும் அண்ணன் வீட்டில்.

நாத்தனாருக்கு ஒரே ஒரு பித்து. மலைத்தொடரின் ஒரு முனையில் விடியற்காலையில் புறப்பட்டு, இரவெல்லாம் ஓடி, மறுநாள் மறுமுனையை அடையும் நூறு கிலோமீட்டர் ஓட்டம். அதிலும் இருவர் சேர்ந்து ஓடும் இணைப் பிரிவில்தான் ஓட வேண்டும் என்பார். தனியாக ஓடினால் இருட்டில் தன் மூச்சைக் கேட்டே தனக்குப் பயம் வந்துவிடும் என்பது அவர் சொல்லும் காரணம். இணைப் பிரிவின் விதி கண்டிப்பானது. வழியில் உள்ள ஒவ்வொரு சோதனை நிலையத்தையும் இருவரும் சேர்ந்தே கடக்க வேண்டும். ஒருவர் விலகினால் மற்றவரும் விலக வேண்டியதுதான். பெயர் கொடுத்த பிறகு ஆள் மாற்றவும் முடியாது.

சென்ற ஆண்டு அவருக்கு இணையாக ஓடவிருந்த தோழி, ஓட்டத்துக்கு முந்திய வாரம், "சாரி, என்னால முடியாது போலிருக்கு" என்று ஒரு வரி அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நாத்தனார் மாடிப்படியில் முதுகுப்பையோடு உட்கார்ந்து, அதிலிருந்த உப்பு மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தேற்றப் போன அண்ணிக்கு என்ன சொல்வதென்று தெரியாமல், வாய் தவறி, "அடுத்த வருஷம் நான் வரேன்" என்று வந்துவிட்டது. நாத்தனார் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அந்தச் சொல்லை இனிமேல் திருப்பி எடுத்துக்கொள்ள முடியாது என்று அண்ணிக்கு விளங்கிவிட்டது.

அப்படித்தான் அண்ணி ஓடத் தொடங்கினார். முதல் மாதம் ஓட்டம் என்று சொல்வதற்கில்லை. அவசரமாக நடந்தார் என்று சொல்லலாம். ஊருக்குள் மேடு என்று சொல்ல மேம்பாலம் ஒன்றைத் தவிர வேறில்லை. ஆகவே நாத்தனார் எந்தக் கட்டடத்தில் லிஃப்டை நிறுத்தி வேலை பார்க்கிறாரோ, அந்தக் கட்டடத்தின் படிகளே அண்ணிக்கு மலை. ஏறியும் இறங்கியும் அவர் மூச்சு வாங்கும்போது, கைப்பைகளோடு படியேறும் குடித்தனக்காரர்கள் இரக்கத்தோடு பார்ப்பார்கள்.

"பாவம், உங்களுக்கு எத்தனாவது மாடி?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"எல்லா மாடியும்தாங்க" என்றார் அண்ணி.

ஆனால் உடம்பு ஒரு நாள் இணங்கி வந்தது. காலையில் ஓடாவிட்டால் அன்று முழுதும் எதையோ வைத்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. நாத்தனாருக்காகத் தொடங்கியது என்பதே மறந்து, மலை முகட்டில் பொழுது விடிவதைப் பார்த்தே தீர வேண்டும் என்ற ஆசை அண்ணிக்குள் எப்போதோ குடியேறிவிட்டது.

இருவருக்கும் ஒரே அளவுக் கால். கடையில் அந்த அளவில் ஒரே நிறந்தான் இருந்தது. ஆகவே ஒரே மாதிரி இரண்டு ஜோடி ஷூக்கள் வீட்டுக்கு வந்தன. மழைநாளில் ஏரிக்கரையில் ஓடிவிட்டு இருவரும் சேறும் சகதியுமாய்த் திரும்பிய அன்று, அண்ணியின் கணவர் ஷூக்கள் நான்கையும் வாங்கிக்கொண்டார். ஓட மாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டதற்குப் பரிகாரமாக அவர் ஏற்றுக்கொண்ட தொண்டு அது. உள்ளே பாதத்துக்கடியில் கிடக்கும் இன்சோல் என்ற மெத்தை அட்டைகளை உருவி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, சன்னல் கம்பியில் வரிசையாக உலர்த்தி, மாலையில் திரும்பப் பொருத்தி வைத்தார். அவ்வளவு பளபளப்பாக அவை வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை.

அடுத்த வாரம் அண்ணிக்கு இடுப்பின் இடப்பக்கம் வலிக்கத் தொடங்கியது.

முதலில் சுளுக்கு என்று நினைத்தார். பிறகு வலி தொடையின் வெளிப்பக்கமாக இறங்கி முழங்காலில் வந்து குடியேறியது. இடது ஷூ சற்று இறுக்கமாகத் தோன்றியது. கழுவியதில் சுருங்கியிருக்கும் என்று விட்டுவிட்டார். ஓட்டத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன. உடம்பை வதைத்து எடுக்க வேண்டிய வாரங்கள் அவைதான். அந்த நேரம் பார்த்து அண்ணிக்குப் படி இறங்குவதே பெரும்பாடாயிற்று. முன்னோக்கி இறங்கினால் வலித்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி இறங்கினால் அவ்வளவாக இல்லை.

ஒரு மாலை அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து கணவர் வந்துவிட்டார்.

"என்ன இது, ரிவர்ஸ் கியரா?"

அண்ணி அவரை வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார். "இடுப்பு போயிடுச்சுங்க. உங்க தங்கச்சி காதுல மட்டும் இது விழக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

"எத்தனை நாளைக்கு மறைப்ப?"

"தெரியல. போன வருஷம் அவ படியில உக்காந்திருந்ததை நீங்க பாக்கல. நான் பாத்தேன். என் வாயால அதைச் சொல்ல முடியாது."

கணவர் தேவைக்கு அதிகமாகவே வருந்தினாற்போல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ரெண்டு பேரும் ஒரு தடவை உக்காந்து பேசுங்களேன்" என்றார்.

"எதைப் பேச?"

"எதையாவது" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார்.

யாருக்கும் தெரியாமல் பிசியோதெரபிஸ்டிடம் போனார் அண்ணி. இளைஞர், சுவரில் எலும்புக்கூட்டின் படம், மூலையில் பெரிய இரப்பர்ப் பந்து. வெறுங்காலில் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கச் சொன்னார். அண்ணி நடந்தார்.

"இப்ப வலிக்குதா?"

"இப்ப இல்லைங்க."

"நடை நல்லாத்தானே இருக்கு. எப்ப வலிக்குது?"

"ஓடினா வலிக்குது."

"அப்ப ஓடாதீங்க."

இந்த ஆலோசனையைத் தம் மேசையிலிருக்கும் பிளாஸ்டர் தாடைகளே கொடுத்திருக்கும் என்று அண்ணி எண்ணிக்கொண்டார். மரியாதை கருதிச் சொல்லவில்லை. ஓய்வெடுக்கச் சொல்லி, கயிற்றைப்போல் ஒரு இரப்பர்ப் பட்டையைக் கையில் கொடுத்து அனுப்பினார் இளைஞர்.

அதன்பின் வந்த நாட்களில் ஒரு விநோதம் நடந்தது. காலையில் சேர்ந்து ஓடுவது குறைந்தது. "பல் கூடத்துல வேலை நெருக்குது, நீ போயிட்டு வா" என்று அண்ணி சொல்வதற்குள், "அண்ணி, எனக்குச் சீக்கிரம் போகணும், நான் தனியா ஓடிக்கிறேன்" என்று நாத்தனாரே சொல்லிவிடுவார். தம் பொய்யைச் செலவழிக்காமலே காரியம் முடிந்ததில் அண்ணிக்கு நிம்மதி. அந்த நிம்மதி வந்த கையோடு குற்றவுணர்ச்சியும் வரும். அந்தப் பெண் எங்கோ தனியே ஓடிப் பலம் சேர்த்துக்கொண்டிருக்கிறாள், நாமோ அவளுடைய ஓட்டத்தின் கழுத்தில் கல்லைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வார்.

கடைசி ஒத்திகைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போனார்கள். ஓட்டத்தன்று சுமக்க வேண்டிய அனைத்தையும் சுமந்தார்கள்: தலைவிளக்கு, விசில், குளிருக்கு வெள்ளித்தாள் போர்வை, அவித்த உருளைக்கிழங்கு, உப்பு. ஓட்டப் பாதையின் ஒரு பகுதியில் ஏறி முகட்டைத் தொட்டுவிட்டு இறங்குவது திட்டம். முகட்டை அடைந்ததும் சொல்லிவிடுவது என்று அண்ணி மனத்தைக் கல்லாக்கிக்கொண்டிருந்தார். இனியும் மென்று விழுங்கினால், சென்ற ஆண்டுத் தோழி செய்ததையே இவரும் செய்ததாகும்.

ஏறத் தொடங்கிச் சிறிது நேரத்தில் அண்ணி நின்றார். "ஷூ கயிறு."

"கட்டுங்க அண்ணி, அவசரமே இல்ல" என்று சொல்லி நாத்தனார் பாறையில் சாய்ந்துகொண்டார்.

அடுத்த வளைவில் நாத்தனார் நின்றார். "அண்ணி, அந்தப் பறவையைப் பாருங்களேன்."

"எங்க?"

"பறந்துடுச்சு. கொஞ்சம் நின்னா திரும்பி வரும்."

நின்றார்கள். பறவை வரவில்லை. அதற்கடுத்த திருப்பத்தில் அண்ணிக்குப் படம் எடுக்கத் தோன்றியது; அதற்கும் அடுத்ததில் நாத்தனாருக்குத் தாகம். தமக்காகத்தான் அவள் மெதுவாகப் போகிறாள், கண்டுபிடித்துவிட்டாள், சொல்லாமல் பொறுத்துப் போகிறாள் என்று அண்ணிக்குத் தோன்றியது.

பாதி மலையில் ஓடை ஒன்று குறுக்கிட்டது. கல்லுக்குக் கல் தாவிக் கடக்க வேண்டும். அண்ணியின் இடதுகால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முழங்கால் வரை தண்ணீருக்குள் போனார். பிடிக்கப் பாய்ந்த நாத்தனார் இடுப்பளவு போனார். பையிலிருந்து நழுவிய தண்ணீர்க்குப்பி ஒன்று இருவரையும் ஏளனமாகப் பார்த்துவிட்டு மிதந்து போயிற்று.

கரையில் அமர்ந்து ஷூக்களைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்த்தார்கள். அண்ணி இடது இன்சோலை உருவி, துணி பிழிவதுபோல் பிழிந்தார். கட்டைவிரலில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. திருப்பிப் பார்த்தார். குதிகாலின் அடிப்பக்கத்தில் சிறியதொரு தக்கைத் துண்டு, பிறைபோல் வெட்டி ஒட்டப்பட்டிருந்தது.

"இது என்னம்மா இது?"

நாத்தனார் எட்டி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அண்ணி, அது என் தக்கை."

"உன் தக்கை என் ஷூவுக்குள்ள என்ன பண்ணுது?"

நாத்தனார் தம் இடது ஷூவிலிருந்து இன்சோலை உருவினார். அடியில் ஒன்றுமில்லை, வழவழவென்று இருந்தது. கால் எலும்பு முறிந்ததில் அந்தக் கால் ஒரு நூல் குட்டை. அதற்காகப் பாத மருத்துவர் ஒட்டிக் கொடுத்த தக்கை அது. ஒட்டியபின் எடுத்துப் பார்க்கும் வழக்கம் யாருக்கு உண்டு? ஷூவுக்குள் கிடக்கிறது என்ற நம்பிக்கையிலேயே கால் நடந்துகொண்டிருந்தது.

அண்ணி இரண்டு இன்சோல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"அண்ணி, உங்களுக்கு எங்கயாச்சும் வலிக்குதா?" என்று நாத்தனார் மெல்லக் கேட்டார்.

"உனக்கு?"

"நான்தானே முதல்ல கேட்டேன்."

"நான் உனக்கு மூத்தவ. நீ சொல்லு."

"இதுல என்ன மூத்தவ இளையவ! சரி, சேர்ந்து சொல்லலாம்."

"இடுப்பு" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அதன்பின் இருவரில் யார் முதலில் சிரித்தது என்பதில் இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. பாதையில் இறங்கிவந்த மலையேறிகள் இருவர், ஈர உடையோடு இன்சோலை ஆட்டி ஆட்டிச் சிரிக்கும் பெண்களைக் கண்டு, ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள்.

"பிசியோகிட்ட போனியா?"

"செவ்வாக்கிழமை போனேன். நீங்க?"

"வியாழக்கிழமை."

"அந்தப் பையன் கேட்டான் அண்ணி, 'கால் ஒண்ணு குட்டையா இருக்கே'ன்னு. 'அதுக்கெல்லாம் ஷூவுல தக்கை இருக்கு தம்பி, நீங்க வேற காரணத்தைத் தேடுங்க'ன்னு நானே அவனை வேற பக்கம் அனுப்பிட்டேன்."

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். "பல்லுல ஒரு முடி கனம் மேடு இருந்தா தாடையே வலிக்கும்னு டாக்டர்களுக்கெல்லாம் நான் சொல்லிட்டிருக்கேன். என் காலுக்கு அடியில ஒரு பலகையே இருந்திருக்கு."

சிரிப்பு ஓய்ந்ததும் அண்ணிக்குக் கோபம் வந்தது; நியாயமான கோபந்தான். "இத்தனை நாளா ஏம்மா சொல்லல?"

நாத்தனார் ஈரத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "போன வருஷம் அவ சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். சும்மா இருந்த உங்களை நான்தான் இதுல இழுத்து விட்டேன். இப்பல்லாம் என்னைவிட நீங்கதான் அந்த முகட்டைப் பத்திப் பேசுறீங்க. உங்ககிட்ட எப்படிப் போய் முடியலன்னு சொல்வேன்?"

அண்ணிக்கு வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது. உச்சியில் சொல்வதற்காக வாரக்கணக்கில் உருப்போட்டு வைத்திருந்த அந்த ஒரு வாக்கியத்தை இனிச் சொல்ல வேண்டியதில்லை. அது நெஞ்சிலிருந்து இறங்கியபோதுதான் எவ்வளவு கனத்தைச் சுமந்து மலையேறியிருக்கிறோம் என்று தெரிந்தது. நாத்தனாரின் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். "போடி, லூசு" என்றார்.

கணவருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார்கள். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். காற்றின் இரைச்சலை மீறி அது இருவருக்கும் கேட்டது.

"அப்பாடா! ரெண்டு பேரும் தனித்தனியா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டீங்க. அவகிட்ட சொல்லாதீங்கன்னு நீ, அண்ணிகிட்ட சொல்லாதன்னு அவ. மூணு வாரமா எனக்குச் சாப்பாடே இறங்கல."

"இன்சோலை மாத்திப் போட்டது யாருங்க?" என்று அண்ணி கேட்டார்.

மறுமுனையில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. கணவருக்கு அஞ்சல் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை.

"ஏண்ணா, நாள் முழுக்க ஊர் ஊரா பிரிச்சுப் போடுற. வீட்டுல நாலு இன்சோலைப் பிரிக்கத் தெரியலையா?" என்றார் நாத்தனார்.

"நாலுலயும் விலாசம் எழுதலையே" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார். அது யாரைக் கேட்டது என்று தெரியாததால், இல்லை என்று இருவருமே சொன்னார்கள்.

அன்று முகட்டுக்குப் போகவில்லை. இன்சோல்களை மாற்றிப் போட்டுக்கொண்டு மெல்ல இறங்கினார்கள். வலி அந்தக் கணமே பறந்துபோய்விட்டது என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். அன்றும் வலித்தது, மறுநாளும் வலித்தது. ஆனால் நாளுக்கு நாள் குறைந்தது. அந்த வாரக் கடைசியில் அண்ணி, நாத்தனார் லிஃப்ட் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கட்டடத்தில் உச்சி மாடியிலிருந்து கீழ்த்தளம் வரை முன்னோக்கியே இறங்கி வந்தார். கீழே, தரையில் படுத்துக் கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் தலையை நீட்டி, "எப்படி?" என்று கேட்டார்.

"கீழ்ப்படி ரெண்டுல கொஞ்சம் பிடிச்சுது" என்று அண்ணி உள்ளபடி சொன்னார்.

"எனக்கு இடுப்பு விட்டுடுச்சு, முதுகுல காலையில மட்டும் இருக்கு."

இருவரும் சேர்ந்தே பிசியோவிடம் போனார்கள். இளைஞர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தார். சிறிது நேரம் எலும்புக்கூட்டின் படத்தைப் பார்த்தார். "ஓடலாம்" என்றார். "வேகமா வேண்டாம். ஏத்தத்துல நடங்க. நேரம் போதாம போகலாம், அதுக்கு நான் பொறுப்பில்ல."

நேரம் போதாமல் போகலாம் என்பது இருவருக்கும் தெரியும். கடுமையாகப் பயில வேண்டிய வாரங்களை ஒளிந்து விளையாடிக் கழித்துவிட்டார்கள். நிலையங்கள் ஒவ்வொன்றும் குறித்த நேரத்தில் மூடப்படும். பாதி வழியில் திருப்பி அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள்.

ஓட்டத்துக்கு முந்திய பிற்பகலில் பொருள்களைச் சரிபார்க்கும் கொட்டகையில் வரிசையில் நின்றார்கள். மேசைக்குப் பின்னால் அமர்ந்திருந்த தொண்டர், பைகளைக் கொட்டிப் பார்த்து, விசிலை ஊதச் சொன்னார். பிறகு தலைநிமிராமலே, "உடம்புக்கு ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று வழக்கம்போல் கேட்டார்.

"இவங்களுக்கு இடது இடுப்பு, எனக்கு முதுகு" என்றார் நாத்தனார்.

"இப்ப ரொம்பக் கொஞ்சந்தாங்க" என்றார் அண்ணி.

தொண்டர் நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் உண்மையைச் சொன்னதில்லை போலும். இருவரின் ஓட்ட எண் அட்டைகளையும் எடுத்து நீட்டி, "ரெண்டு பேரும் சேர்ந்தே இருங்க" என்றார்.

"எனக்குப் பயமா இருக்கு அண்ணி" என்றார் நாத்தனார், கொட்டகையை விட்டு வெளியே வந்ததும்.

"எனக்கும்தான். வா, ஏதாவது சாப்பிடுவோம்."

இனி, தக்கை மாறியதால் ஓட்டம் தொடங்குமுன்பே இருவரும் இழந்தவை. பயிற்சியின் மிகக் கடுமையான மூன்று வாரங்கள். சேர்ந்து ஓடியிருக்க வேண்டிய அத்தனை காலைகள். இறுகிய ஷூவில் போன, அண்ணியின் இடதுகால் நகங்கள் இரண்டு. ஓடையோடு போன தண்ணீர்க்குப்பி. ஒத்திகை நாளில் பார்க்காமலே திரும்பிய முகடு. நேரத்துக்குள் முடித்துவிடுவோம் என்று ஆண்டு முழுதும் இருந்த உறுதியில் ஏறத்தாழப் பாதி. வேறொன்றும் இல்லை.